முக்காட்டுக்குள் இருபது நிமிடம்

"அமைதியான ஓர் அறையில் அமருங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அடுத்த இருபது நிமிடம் உங்களை யாரும் தொந்தரவு செய்யப்போவதில்லை" என்றது காதுக்குள் ஒரு பெண்குரல். பாலாடை மாதிரி மெத்தென்ற குரல்.

லிண்டா ஒரு கண்ணை மட்டும் திறந்து வீட்டைப் பார்த்தாள். பாம்பனில் அவள் வீட்டுக்கு இருப்பது ஒரே கதவு, அது வாசல் கதவு. பட்டப்பகலில் அதைச் சாத்தினால் யாருக்கு என்ன ஆச்சோ என்று தெருவே வந்து தட்டும். உள்ளே ஒரு கூடம், ஒரு அடுப்படி. கூடத்தில் அய்யா சந்தியாகு டிவியை அலறவிட்டுவிட்டு அதன் எதிரிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விசைப்படகு ஓட்டுகிறவர். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ஜூன் நடுவரைக்கும் கடலும் இல்லை, அவருக்கு நகர இடமும் இல்லை.

"ஏ புள்ள, கண்ண மூடிக்கிட்டு என்ன செய்யிற? தல வலிக்குதா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா ஜெபமாலை எட்டிப் பார்த்தாள்.

"இல்லம்மா."

"வயிறா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாட்டி எந்திரிச்சு வந்து வெங்காயத்த உரி."

"இப்போது உங்கள் தோள்கள் தளர்கின்றன" என்றது குரல். லிண்டா காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். இப்படித்தான் முடிந்தது முதல் நாள் பயிற்சி.

இதில் அவளைக் கோத்துவிட்டவள் சிநேகா. இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சு. ஊர் முதுகுளத்தூர் பக்கம், விவசாயக் குடும்பம். மூன்று வருடத்துக்கு முன்னால் மண்டபம் நண்டு கம்பெனியில் வேலை செய்யும்போது லிண்டா கையைக் கிழித்துக்கொண்டு போய் நின்றாள். நாலு தையல் போட்டது சிநேகா. தையல் பிரித்த பிறகும் லிண்டா வாராவாரம் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன பெயர் என்று இருவருக்கும் தெரியும். பாம்பனில் மட்டும் யாருக்கும் தெரியாது.

தெரியப்படுத்தவும் அவளால் முடியவில்லை. எத்தனையோ தரம் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். வாயைத் திறப்பதற்குள் நெஞ்சு இறுகும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு பாதியில் நிற்கும். சிநேகாவே ஈசிஜி எடுத்துப் பார்த்தாள். "நெஞ்சுல ஒண்ணும் இல்ல. கோளாறு வாயிலதான் இருக்கு" என்றாள்.

அந்தச் சித்திரையில் சிநேகாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. ஜூன் பதினைந்தாம் தேதி சேர வேண்டும். இரண்டு பேருக்குப் போதுமான ஒரு வீட்டையும் பார்த்து வைத்துவிட்டாள். லிண்டா கூட வர வேண்டும், ஆனால் சொல்லிவிட்டு வர வேண்டும்.

"சொல்லாமக் கொள்ளாம ஓடியாந்தீன்னா நான் கதவத் தொறக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். "எங்க வீட்டுல நான் சொன்னேன்ல? அய்யா ஆறு மாசமா என்கிட்ட பேசல. அதத் தாங்கிக்கிட்டுத்தான் நிக்கிறேன். ஒனக்கு மட்டும் என்னவாம்?"

சொல்லிவிட்டு சும்மா இருந்தாளா? தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்களின் மன அழுத்தம் குறைய எட்டு வார இணையவழி மனப்பயிற்சி என்று எங்கேயோ பார்த்து, லிண்டாவின் பெயரைப் பதிந்தும் விட்டாள். தினமும் இருபது நிமிடம் ஒலிப்பதிவைக் கேட்டுக் கண்மூடி உட்கார வேண்டும். ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாரும் திரையில் கூடுவார்கள். முகம் காட்ட வேண்டாம், சொந்தப் பெயரும் வேண்டாம். பெயர் கேட்ட பெட்டியில் லிண்டா எரிச்சலோடு நெத்திலி என்று அடித்து வைத்தாள். அதற்கப்புறம் எட்டு வாரமும் அந்த மெத்தென்ற குரல், "நெத்திலி, இன்று உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது நாள் அந்தக் குரல், ஆளரவமில்லாத ஒரு கடற்கரையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னது. எதற்கு நினைக்க வேண்டும், நூறடி நடந்தால் கடற்கரைதானே என்று லிண்டா போய்க் கவிழ்த்துப்போட்ட ஒரு வள்ளத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்துக்குள் கருவாடு காயப்போட வந்த அத்தை ஒருத்தி, "இங்கன ஏன் ஒத்தையில உக்காந்திருக்க? வீட்டுல சண்டையா?" என்றாள். வலை பிரித்துக்கொண்டிருந்த சித்தப்பா, மாப்பிள்ளை பார்க்கும் விஷயம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரித்தார். மூன்றாவதாக வந்தது நாய். ஆளரவமில்லாத கடற்கரை என்று ஒன்றை இந்தக் குரல்காரி எங்கே பார்த்தாள் என்று லிண்டாவுக்கு ஆத்திரமாக வந்தது.

வாரக்கடைசியில் மெயில் வேறு. "இந்த வாரம் ஐந்து நாட்களைத் தவறவிட்டீர்கள். பரவாயில்லை. உங்களிடம் நீங்களே கனிவாக இருங்கள்." திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

அப்புறம்தான் கோயில் நினைவுக்கு வந்தது. பாம்பனில் ஒரு வயதுப்பெண் தன்னந்தனியாகக் கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தால் எவரும் ஏன் என்று கேட்காத இடம் மாதா கோயில் ஒன்றுதான். அதிலும் ஒரு வசதி. உள்ளே போகிற பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொள்வது வழக்கம். சுடிதார் ஷாலை நெற்றிவரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டால் காதில் என்ன மாட்டியிருக்கிறது என்று மாதாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முக்காட்டுக்குள் குரலை ஓடவிட்டாள். முதல்முறையாக இருபது நிமிடமும் முழுதாக ஓடியது. முடிந்தபோது தோள் உண்மையிலேயே இறங்கியிருந்தது. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நாலாவது ஞாயிறு, எல்லாரும் எங்கே உட்கார்ந்து பயிற்சி செய்கிறீர்கள் என்று அந்தக் குரல் கேட்டது. ஒருவர் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் என்றார். ஒருத்தி குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. இன்னொருவர் மனைவியின் வீட்டு வாசலில் நிறுத்திய காருக்குள். பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட அமைதியான அறையும் கிடையாது, சாத்திக்கொள்ளக் கதவும் கிடையாது. கோயில் கடைசி பெஞ்சு என்று லிண்டா தட்டச்சு செய்தாள். அப்புறம் வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வந்து விழுந்தன. முகம் தெரியாத அந்தப் பத்துப் பேர்மேலும் லிண்டாவுக்குப் பாசம் பொங்கியது. இதையாவது முதல் வாரமே கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்ற கோபமும் கூடவே வந்தது.

வினை அடுத்த வாரம் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், டிவி அணைந்திருக்கிறது. அய்யா சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியில் பங்கு கான்வென்ட்டின் சிஸ்டர் லூர்து, கையில் காப்பி டம்ளர். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை லிண்டா பார்த்ததே இல்லை.

"எதுக்கும்மா எங்ககிட்ட மறைச்ச?" என்றாள் சிஸ்டர், கனிவாக. கனிவு என்ற சொல்லைக் கேட்டாலே லிண்டாவுக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். "தெனமும் வந்து தனியா ஜெபிக்கிறியாம், அழுறியாம். கோயில்பிள்ளை இமானுவேல் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்காரு. வந்த ஏழு சம்பந்தத்தையும் வேண்டாம்னுட்டியாம். இதுக்குப் பேருதாம்மா தேவ அழைத்தல்."

லிண்டா நின்ற இடத்திலேயே நின்றாள். கன்னியாஸ்திரியாகப் போகத் தன்னைக் கடவுள் கூப்பிடுகிறார் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் என்பது அவள் மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். நெஞ்சு இறுகியது, உள்ளங்கை வியர்த்தது, மூச்சு பாதியில் நின்றது. நாலு வாரம் மூச்சை எண்ணி எண்ணிப் பழகியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்து சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சிஸ்டர் போன பிறகு அம்மா அவளை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ நாலாப்பு படிக்கையில அய்யா போன படகு இன்ஜின் நின்னுபோயி நாலு நாளு ஆளக் காணலையே, ஞாபகம் இருக்கா? அப்ப நான் மாதாவுக்கு முன்னால முட்டி போட்டு நேந்துக்கிட்டேன். இவரு உசுரோட வந்தா ஒரு பிள்ளைய ஆண்டவருக்குக் குடுக்குறேன்னு. அஞ்சாம் நாளு வந்துட்டாரு. ஒங்கண்ணன் ஆன்டோவத்தான் நெனச்சிருந்தேன். அந்தப் பய பத்தொம்போது வயசுல தங்கச்சிமடத்துப் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். ஒங்கிட்ட கேக்க எனக்கு மனசு வரல. பதினெட்டு வருசமா அய்யா கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம், குடுக்க வேண்டியதக் குடுக்கலையேன்னு நெஞ்சு அடைச்சுக்கிட்டே கெடப்பேன். இப்ப ஆண்டவரே ஒன்னக் கூப்ட்டுட்டாரு."

அவள் அழுதாள். லிண்டாவும் அழுதாள், வேறு காரணத்துக்கு.

அழுத்தம் குறையத்தானே இந்தப் பயிற்சி? அது வந்த பிறகு இருந்த அழுத்தத்தோடு கடவுளும் சேர்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் கோபமாகத் தட்டச்சு செய்து அனுப்பினாள். "அந்த உணர்வை விரட்டாதீர்கள், நெத்திலி. அருகில் உட்கார வையுங்கள். அதற்கு ஒரு பெயர் சூட்டுங்கள்" என்றது குரல். ஜெபமாலை என்று அம்மாவின் பெயரையே சூட்டினாள் லிண்டா.

வீட்டில் நிலைமை தலைகீழானது. அவள் உள்ளே வந்தால் அய்யா டிவியை அணைத்தார். "சத்தம் போடாதீங்க, புள்ள ஜெபம் பண்ணும்" என்று வாசலில் பேசுகிறவர்களை அதட்டினார். மீனில் நடுத்துண்டு அவள் தட்டுக்கு வந்தது. சம்பந்தம் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. குரல் சொன்ன அமைதியான அறை அவளுக்குக் கடைசியில் கிடைத்தேவிட்டது, அதுவும் கன்னியாஸ்திரி ஆகப்போகிறவள் என்பதால். அதில் உட்கார அவளுக்குக் கூசியது. ஐந்தரை ஆனால் கோயிலுக்கே ஓடினாள்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மதுரைப் பக்கத்தில் கன்னியாஸ்திரி ஆக விரும்புகிறவர்களுக்கு முகாம் என்று சிஸ்டர் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டாள். பாய் ஒன்று, போர்வை ஒன்று, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, வாளி ஒன்று. அம்மா இராமநாதபுரம் போய் எல்லாவற்றையும் வாங்கி, தட்டிலும் டம்ளரிலும் லிண்டா என்று பெயரும் வெட்டிக்கொண்டு வந்தாள்.

பாத்திரத்தைப் பார்த்த அன்றைக்கு லிண்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனிக் கொட்டகைக்குப் பின்னால் நின்று சிநேகாவுக்குப் போன் போட்டாள்.

"கான்வென்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நேரா கோயமுத்தூர் வந்துட்டா என்ன? யாருக்கும் மனசு நோகாது. அம்மாவுக்கும் நேர்ச்சை தீந்த மாதிரி இருக்கும்."

சிநேகா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நீ செஞ்சாலும் செய்வ. ஒங்க அம்மா உன்னப் பாக்க மதுரைக்கு வந்தா? வெள்ளச் சேலைய வாடகைக்கு எடுத்துக் கட்டிக்குவியா? லிண்டா, நான் ஒன்னும் ஒளிச்சு வைக்கிற சாமான் இல்ல. பதினஞ்சாந் தேதி வாரியா, வரலியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டு வா. சொல்லாட்டி அந்த வீட்டுல நான் ஒத்தையில இருந்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள். இதுவரை அவள் அப்படி வைத்ததே இல்லை. மூன்று நாள் எடுக்கவும் இல்லை.

நாலாவது நாள், ஜூன் எட்டு. லிண்டா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஷாலை இழுத்து விட்டுக்கொண்டு, அந்த வாரத்துப் பதிவை ஓடவிட்டாள். தன்மீது கனிவு என்பது அதன் தலைப்பு. ஏற்கெனவே ஐந்து தரம் கேட்டது. எந்த நிமிடத்தில் என்ன வரும் என்று அத்துப்படி. இரண்டு நிமிடம்கூட ஓடியிருக்காது, பெஞ்சு லேசாக ஆடியது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் அம்மா, முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு.

"காதுல வயரு மாட்டித்தான் ஜெபிக்கிறன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் மெதுவாக. "அது என்ன ஜெபம்? அதக் கேட்டுட்டு வந்தா ஒன் மூஞ்சி தெளிஞ்சிருக்கு. தடை முடியப் போகுது, அய்யா கடலுக்குப் போயிருவாரு. எனக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கும் ஒரு காதுக்குக் குடு."

கையை நீட்டினாள். மீன் செதிலால் வெட்டுப்பட்ட, உப்பில் ஊறிய கை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சார்ஜ் இல்லை என்றிருக்கலாம். வேறொரு பதிவை மாற்றியிருக்கலாம். மூச்சை மட்டும் எண்ணும் முதல் வாரப் பதிவில் எந்த ஆபத்தும் இல்லை. லிண்டாவுக்கு இந்த வழியெல்லாம் தெரிந்தே இருந்தது. பொய்யை யோசித்து யோசித்து அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. வலது காதிலிருந்ததைக் கழற்றி அம்மாவின் காதில் தானே பொருத்திவிட்டாள்.

இரண்டு முக்காட்டுக்கும் நடுவில் ஒரே வயர். அம்மா சொன்னபடி கேட்டாள். மூச்சை இழுக்கச் சொன்னால் இழுத்தாள், விடச் சொன்னால் விட்டாள். தோளைத் தளர்த்தச் சொன்னபோது அவளுடைய தோள் இறங்கியதை லிண்டா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏழாவது நிமிடம். எட்டு. ஒன்பது. பிடுங்கிவிடலாமா என்று கை போன்வரைக்கும் போய்த் திரும்பியது. பதினொன்றாவது நிமிடம் அந்த மெத்தென்ற குரல், எந்த அவசரமும் இல்லாமல், சொன்னது:

"பெண்ணை நேசிக்கும் பெண்ணாக, ஆணை நேசிக்கும் ஆணாக, இருவரையும் நேசிக்கும் ஒருவராக, நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே என்னை ஏற்றுக்கொள்கிறேன்."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் மணி அடிக்கும் வரைக்கும் அசையாமல் இருந்தாள். அப்புறம் காதிலிருந்ததைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, லிண்டாவின் கையில் வைத்தாள்.

"யாரு இவ?"

"பயிற்சி குடுக்குறவங்க. மெட்ராசு."

"மெட்ராசுல இருந்து எவளோ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? பெத்தவ பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒன் வாயால சொல்லு."

நெஞ்சு இறுகியது. நாலு எண்ணி இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். இரண்டுக்கு மேல் எண்ணிக்கையே ஓடவில்லை. சீ, எண்ணவே வேண்டாம் என்று விட்டாள்.

"ஆமாம்மா. எனக்கு ஆம்பளைங்கமேல இஷ்டம் வரல. எப்பவும் வந்ததில்ல. சிநேகாதான். மூணு வருசமா. பதினஞ்சாந் தேதி அவகூட இருக்கக் கோயமுத்தூர் போறேன். கான்வென்டுக்குப் போகல."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. காலியான கோயிலில் அது முன்வரிசைவரைக்கும் போயிற்று. பீடத்தில் மெழுகுவர்த்தித் தண்டு துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை இமானுவேலின் கை நின்றது. அப்புறம், துடைத்த தண்டையே மறுபடி துடைக்கத் தொடங்கியது.

"கிறிஸ்மசுக்கு வந்து எனக்குப் பிரஷர் பாத்துச்சே, அந்த நர்சுப் புள்ளையா?"

"அவதான்."

"உப்பக் கொறைக்கச் சொல்லுச்சு."

"நீ கொறைக்கல."

அம்மா மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "அப்ப என் நேர்ச்சை?" என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி.

லிண்டாவுக்குக் கோபம் வந்தது. அந்தப் பதினெட்டு வருட நேர்ச்சைக்கும் சேர்த்து ஒரேயடியாக. "நீ நேந்தப்ப எனக்கு ஒம்போது வயசும்மா. என்ன ஒரு வார்த்தை கேட்டியா?"

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"கேக்கல" என்றாள். அப்புறம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முழங்கால் போட்டாள். "நீ வெளிய போ. நான் இவங்ககூடப் பேசணும்."

லிண்டா கோயில் படியில் வந்து உட்கார்ந்தாள். எதிரே தடை முடியப்போகிற தெம்பில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிட்டேன் என்று சிநேகாவுக்கு அனுப்பினாள். "பொய்" என்று உடனே பதில் வந்தது. அதற்கடுத்து, "என்ன சொன்னாங்க?" அதற்கடுத்து, "அழுவுறியா? போன எடு." லிண்டா எடுக்கவில்லை. உள்ளே நடக்கிற பேச்சு முடியட்டும் என்று இருந்தாள். இருபது நிமிடம் ஆனது. நாற்பது ஆனது. இந்த எட்டு வாரத்தில் ஒரு நாளும் அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

வெளியே வந்தபோது அம்மாவின் கண் வீங்கியிருந்தது. மகளைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

"அய்யாகிட்ட நீ வாயத் தொறக்காத. கடலுக்குப் போற மனுசன். நானே நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன். சிஸ்டர்ட்ட நீயே போயிச் சொல்லு, அவங்க மொகத்துல என்னால முழிக்க முடியாது. எனக்கு ஒம்மேல ஆத்திரம் ஆத்திரமா வருது. ரெண்டு நாளைக்கு என்கிட்ட பேசாத."

விறுவிறுவென்று நடந்தாள். பத்தடி தள்ளிப் போய் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

"அந்தப் பாயி, தட்டு, டம்ளரு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. பேரு வெட்டுனதக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். ஒரு தட்டுதான் இருக்கு. அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு வாங்கிப் பேரு வெட்டிக்க, இல்லாட்டி மாறிப் போகும்."